கேளுங்க, சொல்லுதோம்: லீவுக்கு எந்தக் கடல்?

கோடை லீவுக்குக் கடற்கரை போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: எந்த பீச் அழகாக இருக்கும்? அழகுக்கு நம்ம பக்கம் எப்போதும் குறைச்சல் இல்லை. ஆனால் நீங்கள் போகப்போவது மே மாதம். அந்த மாதத்தில் எந்தக் கரை, எந்த நேரம், காத்து எந்தப் பக்கம் என்று கேட்டிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். சரி, கேட்காததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ஆறு பேர். மே முதல் வாரம் மூன்று நாள் தோதுப்படுகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி, சின்னவனுக்கு நாலு வயசு. கணவர் கோவா என்கிறார், மாமியார் கன்னியாகுமரி போதும் என்கிறார். படத்தில் பார்க்கிற மாதிரி நீலமாக ஒரு கடல் பக்கத்தில் எங்கேயும் கிடையாதா?
ஒரு ஆசிரியை, அம்பாசமுத்திரம்

டீச்சர், கோவாவை முதலில் கழித்துவிடுங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் மிஞ்சுகிற ஒரு நாளில் அத்தைக்குக் கால் வீங்கி ரூமில் படுத்திருப்பார்கள். கன்னியாகுமரி நெல்லையிலிருந்து 85 கிலோமீட்டர்தான், ஆனால் லீவு நாளில் அங்கே பாதிப் பொழுது படகு வரிசையிலேயே போய்விடும். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கண்ணாடிப் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. 77 மீட்டர் நீளம், காலுக்குக் கீழே கடல், நல்லாத்தான் இருக்கிறது. முழங்கால் வலிக்காரரை ஆடுகிற படகில் ஏற்றி இறக்கி, அப்புறம் பாறைப் படிகளையும் ஏற வைத்துப் பாருங்கள், திரும்பி வரும்போது அவர்கள் உங்களோடு பேச மாட்டார்கள்.

என் யோசனை, திருச்செந்தூரில் ரூம் போட்டு அங்கிருந்து ஒரு வேனில் தெற்கே மணப்பாடு, உவரி என்று இறங்குவது. நெல்லை ஜங்ஷனில் இருந்து பாசஞ்சரில் போங்கள், காரில் வேண்டாம். பிள்ளைகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள். ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வாழையும் வயலுமாக வரும், அப்புறம் மெல்ல மெல்ல பனை கூடும், ஆறுமுகநேரி பக்கம் உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருப்பார்கள், காத்தின் வாசனையே அங்கே மாறிவிடும். கடல் வருகிறது என்று நாலு வயசுக்காரனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட நீலம் மணப்பாட்டில் இருக்கிறது. திருச்செந்தூரிலிருந்து 18 கிலோமீட்டர். மணல்குன்று ஒன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், அதன் மேலே 1581-இல் எழுந்ததாகச் சொல்லும் திருச்சிலுவைக் கோயில். பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து தங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுவார்கள். குன்றின் ஒரு பக்கம் அலை அடித்துக்கொண்டிருக்கும், பலகையை எடுத்துக்கொண்டு அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் அந்தப் பக்கம்தான். இன்னொரு பக்கம் கழிமுகம், தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். ஒரே இடத்தில் நின்று தலையை மட்டும் திருப்பினால் இரண்டும் தெரியும். நான் பார்த்த வரையில் இந்தக் கரையில் இதற்கு ஈடாக வேறு இடம் இல்லை. வெளியூர்க்காரர்கள் பலபேருக்கு இந்த ஊர் பேரே தெரியாது, அதை எழுதிக் கெடுக்கிறேனே என்று இப்போது லேசாக உறுத்துகிறது.

போகிற வழியில் உடன்குடி வட்டாரத்தில் பதநீர் கிடைக்கும், எட்டு மணிக்குள் போனால். இது நீங்களே நின்று பார்க்க வேண்டிய விஷயம். விற்கிறவர் குருத்தோலை ஒன்றை எடுத்து, விரித்து, இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சுருட்டு, ஈர்க்கை வைத்து ஒரு கட்டு, பத்து எண்ணுவதற்குள் தோணி மாதிரி ஒரு பட்டை கையில் வந்துவிடும். அதில் பதநீரை ஊற்றி, நுங்கைக் கீறிப் போடுவார், சில பேர் மாங்காயைப் பொடிசாக நறுக்கியும் போடுவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி ஓரத்தில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும், முதல் தடவை குடிக்கிறவர்களுக்கு முழங்கை வரை வழியும், அதைப் பார்த்து விற்கிறவர் சிரிப்பார். டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தால் பாதி ருசி போச்சு, அந்தப் பச்சை ஓலை வாசனைதான் மீதிப் பாதி.

உவரி அடுத்த நாள். கப்பல் வடிவத்திலேயே கட்டிய மாதா கோயில் ஒன்று உண்டு, பிள்ளைகள் இறங்க மாட்டேன் என்பார்கள். அந்தோணியார் கோயில் அதே ஊர். சுயம்புலிங்க சுவாமி கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது, நேர்ச்சை வைத்தவர்கள் கடலுக்குள் இறங்கி மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் கொட்டுவார்கள், அந்த மேடு உயர்ந்துகொண்டே இருக்கும். வைகாசி விசாகத்தன்று மட்டும் உவரிக்கோ திருச்செந்தூருக்கோ போய்விடாதீர்கள், அதாவது கடல் பார்க்க என்று போகாதீர்கள். அன்றைக்கு சாமி பார்க்கிறவர்களுக்கான நாள்.

நேரம் முக்கியம். காலை ஆறு முதல் எட்டரை, சாயங்காலம் நாலரைக்கு மேல், அவ்வளவுதான் மே மாதக் கடல். நடுப்பகலில் மணலில் செருப்பில்லாமல் நாலு எட்டு வைக்க முடியாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூன்று வருஷம் முன்னால் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு ஒரு கரைக்குப் போய், தண்ணி வரைக்கும் வேனிலேயே போயிடலாம் என்று டிரைவரிடம் சொன்ன புத்திசாலி நான்தான். பின்சக்கரம் இரண்டும் மணலில் இறங்கி, மிதிக்க மிதிக்கக் குழி ஆழமாகி, கடைசியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் வந்து பனைமட்டையைச் சக்கரத்துக்கு அடியில் சொருகி, கயிறு கட்டி இழுத்து விட்டார்கள். காசு வாங்கவில்லை. "இனிமே ரோட்டுலயே நிறுத்துங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார் ஒருவர். அன்றைக்கு ராத்திரி தங்கின லாட்ஜில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்கவே இல்லை, என் மனைவியின் தலைமுடி இரண்டு நாள் தேங்காய் நார் மாதிரி இருந்தது. ஆகவே ரூம் போடும்போது ஏசி இருக்கா என்று கேட்கும் முன்னால் குளிக்க நல்ல தண்ணீர் வருமா என்று கேளுங்கள். அத்தைக்குத் தரைத்தள ரூம், அதையும் போனிலேயே.

பையன்கள் இரண்டு பேரும் கல்லூரியில் படிக்கிறார்கள். தாமிரபரணியில் நீந்திப் பழகினவர்கள். நண்பர்களோடு கன்னியாகுமரி பக்கம் போய்க் கடலில் குளிக்கப் போகிறோம் என்கிறார்கள். விடலாமா?
ஒரு தகப்பனார், வள்ளியூர்

போக விடுங்கள் அண்ணாச்சி, கண்ட இடத்தில் இறங்க விடாதீர்கள். ஆற்றில் நீந்தத் தெரிந்தவனுக்குக் கடலில் ஒரு கெட்ட தைரியம் வரும், நீந்தவே தெரியாதவன் முழங்கால் அளவில் நின்று பிழைத்துக்கொள்கிறான். ஆறு ஒரே திசையில் இழுக்கும், இரண்டு பக்கமும் கரை தெரியும். கடல் அப்படி இல்லை. அலை அலையாகக் கரையில் கொண்டுவந்து கொட்டுகிற தண்ணீர் எந்த வழியாகவாவது திரும்பப் போய்த்தானே ஆக வேண்டும்? அது ஒரு இடத்தில் வாய்க்கால் மாதிரி சேர்ந்துகொண்டு வேகமாக உள்ளே ஓடும். கரைக்காரர்கள் கடலின் ஓட்டத்தை நீவாடு என்பார்கள், எந்த நீவாடு எப்போது என்று பார்க்காமல் அவர்களே இறங்குவதில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வாய்க்கால் ஓடுகிற இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரை பொங்கிக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் கறுத்து, சும்மா கிடப்பது போலத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர் "இங்கதான் அலை இல்லை, இங்க இறங்கலாம்" என்று தேர்ந்தெடுப்பது மிகச் சரியாக அந்த இடத்தைத்தான். பையன்களுக்கு இதைப் படம் போட்டே காட்டுங்கள். மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, கை ஓய்ந்துதான் ஆள் போகிறான். மிதந்து மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து இழுவையை விட்டு வெளியே வந்த பிறகு, அலையோடு சேர்ந்து கரைக்கு வர வேண்டும்.

இன்னொன்று, கள்ளக்கடல். பேரைக் கேட்டதும் கதை என்று நினைத்துவிடாதீர்கள், 2012-இல் யுனெஸ்கோவே ஏற்றுக்கொண்ட சொல், மலையாளக் கரையில் பிறந்தது. எங்கேயோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஒரு புயல் அடித்திருக்கும். அங்கே கிளம்பின அலை நாள்கணக்கில் நடந்து நம் கரைக்கு வந்து சேரும்போது இங்கே காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும். திடீரென்று கடல் ஊருக்குள் ஏறும். சித்திரை, வைகாசி அதற்குப் பிடித்த காலம், அதாவது நம் பிள்ளைகளின் லீவுக் காலமும் அதுவே. 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேர் ஒரே காலையில் போனார்களே, அன்றைக்கும் இந்த எச்சரிக்கை இருந்தது. ஐதராபாத்தில் இருக்கிற இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே சொல்லிவிடும், செய்தித்தாளில் உள்பக்கத்தில் நாலு வரியாக வரும், கன்னியாகுமரி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டப் பேர்கள் இருக்கும். புறப்படுகிற அன்று காலையில் அந்த நாலு வரியைத் தேடிப் படியுங்கள். வந்திருந்தால் அன்றைக்கு வட்டக்கோட்டைக்குப் போகச் சொல்லுங்கள், திருவிதாங்கூர்க்காரர்கள் கட்டின கருங்கல் கோட்டை, மேலே ஏறி நின்றால் கடல் அத்தனையும் தெரியும், கால் நனையாது.

கல்யாணம் ஆகி இரண்டு மாதம். மே கடைசியில்தான் இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு கிடைக்கிறது. வர்க்கலையா, கோவளமா, தனுஷ்கோடியா?
புது மாப்பிள்ளை, தென்காசி

தம்பி, தேதியை நீங்களே சொன்னது நல்லதாகப் போயிற்று. கேரளத்துக்கு மழை வருவது ஜூன் 1 கணக்கு, ஆனால் கடல் அதற்கு முன்னாலேயே முறைக்க ஆரம்பித்துவிடும். எனவே மேற்குக் கரையில் மே கடைசியில் குளியல் கிடையாது, பார்வை மட்டும்தான். பார்க்க மட்டும் என்றால் வர்க்கலை. செம்மண் பாறை செங்குத்தாக நிற்க, அதன் விளிம்பிலேயே நடைபாதை, கீழே கடல். மழை மேகம் திரண்டு வருகிற நேரத்தில் அந்த விளிம்பில் இரண்டு பேரும் ஒரு கட்டஞ்சாயாவோடு உட்கார்ந்திருப்பதற்கு நான் வேறு பரிந்துரை எழுதத் தேவையில்லை. கோவளம் அழகுதான், ஆனால் கடைக்காரர்கள் உங்களைத் தனியாக விட மாட்டார்கள்.

தென்காசிக்காரர் என்பதால் உங்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. செங்கோட்டை, புனலூர் வழியாகக் கொல்லம் போகிற ரயில். 1904-இல் போட்ட பாதை, அகலப்பாதையாக மாறி 2018-இல் மறுபடி முழுசாக ஓட ஆரம்பித்தது. பகலில் போகிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள், குகை, காடு, கழுதுருட்டி பக்கம் பதிமூன்று கண் பாலம், எல்லாம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. கொல்லத்தில் இறங்கி வர்க்கலைக்கு வேறு ரயில், கொஞ்ச நேரம்தான். லீவில் பாதி சந்தோஷம் அந்த மலையைத் தாண்டும்போதே கிடைத்துவிடும்.

தனுஷ்கோடியை மார்கழி, தைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலில் போன ஊர், இடிந்த தேவாலயச் சுவர் நிற்கிறது, அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டுவிட்டார்கள். எல்லாம் சரி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மே மாத வெயிலில் புதுப்பெண்ணை அங்கே கூட்டிப்போய் நிறுத்தினால் முதல் சண்டைக்கு நான் பொறுப்பில்லை.

கடற்கரைக்குப் போறதே மீன் சாப்பிடத்தான். போன மே மாதம் போன இடத்தில் எல்லாம் ஐஸ் மீனாகவே போட்டார்கள். ஏன்?
சாப்பாட்டுப் பிரியர், பாளையங்கோட்டை

ஏனென்றால் நீங்கள் போனது தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனம் பெருகுகிற காலம். நம்ம நெல்லை, தூத்துக்குடிக் கரை முழுக்க அந்தக் கணக்கில்தான் வரும். ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கரைக் கணக்கு, முட்டமும் குளச்சலும் தேங்காய்ப்பட்டணமும் மேற்குக் கரைக் கணக்கு, அங்கே தடை ஜூன் 1-க்குத்தான் தொடங்கி ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், முக்கால் மணி நேரப் பயணம், ஒரு பக்கம் படகுகள் கட்டிக் கிடக்கும், மறுபக்கம் ஏலம் நடந்துகொண்டிருக்கும். மே மாதம் நாக்குக்காகவே போகிறீர்கள் என்றால் குளச்சல் பக்கம் வண்டியை விடுங்கள்.

நம்ம கரையிலும் அடியோடு இல்லை என்று இல்லை. நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. உவரி, இடிந்தகரை, கூத்தன்குழி மாதிரி ஊர்களில் காலையில் வள்ளம் கரை ஏறும்போது நின்றால் சாளையோ நெத்திலியோ கண் முழித்துப் பார்க்கிற மீனாகக் கிடைக்கும். பெரிய மீனுக்கு ஆசைப்படாதீர்கள். ஓட்டலில் போய் உட்கார்ந்ததும் மெனு அட்டையைத் தள்ளிவிட்டு "இன்னைக்கு என்ன மீன் வந்துச்சு?" என்று கேளுங்கள். இரண்டு மீன் பெயர் சொன்னால் தைரியமாகச் சாப்பிடலாம். பதினாலு மீன் பெயர் சொன்னால் ரசத்தோடு எழுந்துவிடுங்கள்.

கடல், கடல் என்று ஏன் அலைய வேண்டும்? உப்பும் வியர்வையும் குப்பையும்தான். பேசாமல் குற்றாலம் போகலாமே?
பெயர் வேண்டாம் என்றவர், கடையம்

மே மாதம் குற்றாலத்தில் போய்ப் பாறையைப் பார்க்கலாம், சீசன் ஜூனில்தான். குப்பையைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, அதைப் போடுகிறதும் நம்மைப் போல லீவுக்குப் போகிறவர்கள்தான். தண்ணீரில் கிடக்க வேண்டும் என்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாபநாசம் இருக்கிறதே, எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள்?

எனக்கு எழுபத்திரண்டு வயது. சூரியன் கடலில் இறங்குவதை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மகன் மே மாதம் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறான். அங்கே உதயமும் அஸ்தமனமும் ஒரே இடத்தில் பார்க்கலாமாமே?
ஓய்வுபெற்ற தபால்காரர், சங்கரன்கோவில்

ஐயா, பார்க்கலாம், ஆனால் மே மாதம் அல்ல. இதை அங்கே போன பிறகு தெரிந்துகொண்டு ஏமாந்து திரும்பினவர்கள் நிறையப் பேர். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து இறங்கும், அப்போது கன்னியாகுமரியில் நின்றால் நேராகக் கடலுக்குள் போகும். சித்திரை, வைகாசியில் அது வடக்கே நகர்ந்துவிடுவதால் கடலுக்குப் பதில் கரையோரத் தென்னைகளுக்குப் பின்னால் போய் மறைந்துகொள்ளும். உதயம் மட்டும் தப்பாது, காலை ஆறு மணியை ஒட்டிக் கடலிலிருந்தே எழும்பும், அதைக் கன்னியாகுமரியில் பாருங்கள்.

அஸ்தமனத்துக்கு மகனை முட்டத்துக்கு வண்டியை விடச் சொல்லுங்கள். அங்கே கரை வடமேற்காகத் திரும்புவதால் மே மாதத்திலும் சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். ஆறு மணிக்கே போய்விடுங்கள், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பெரிய பெரிய பாறைகள், செந்நிறத்தில், வெயில் சாயச் சாய இன்னும் சிவக்கும். பாறை வழுக்கும், ஓரத்துக்குப் போக வேண்டாம், பின்னாலேயே தட்டையாக ஒன்றைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆறரைக்கு மேல் தட்டு தண்ணீரைத் தொடும். தொட்ட பிறகு முழுசாகப் போக இரண்டு மூன்று நிமிஷம்தான், அந்த நேரத்தில் மகன் போனை எடுத்து "அப்பா, இங்க பாருங்க" என்பான். திரும்பாதீர்கள். படம் அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். இருட்டினதும் பாறையிலிருந்து இறங்க ஒரு டார்ச் லைட் வேண்டும், மறக்காமல் எடுத்துப் போங்கள்.